தன்னையே சுட்டும் டேபிள்: ரிகர்சிவ் குவெரியா, பாதையா, க்ளோஷர் டேபிளா?

சேலம் மாவட்டம், அதன் கீழே கோட்டம், தாலுகா, பிர்கா, வருவாய்க் கிராமம் என்று எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டு, ஒவ்வொரு ரோவிலும் தனக்கு மேலே இருப்பதன் எண்ணை பேரன்ட் ஐடியாக வைப்பது சரியான வழிதான். ஏற்காடு தாலுகாவுக்குக் கீழே உள்ள அத்தனையும் வேண்டும் என்று கேட்கும்போதுதான் குவெரி திணறுகிறது.

முதல் வழி 'வித் ரிகர்சிவ்': கிடைத்த ரோக்களை வைத்தே அவற்றின் பிள்ளைகளைத் தேடி, படிப்படியாகக் கீழே இறங்கும் குவெரி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2009இல் 8.4 பதிப்போடு வந்தது, மைஎஸ்கியூஎல்லில் 2018இல் 8.0 பதிப்போடு. இது மெதுவானது என்று ஒதுக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேரன்ட் ஐடிக்கு இண்டெக்ஸ் (முழு டேபிளையும் படிக்காமல் ரோவைக் கண்டுபிடிக்க உதவும் தேடல் பட்டியல்) இருக்கிறதா? மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் இன்ஜினான இன்னோடிபி, ஃபாரின் கீ (பேரன்ட் ஐடி உண்மையில் இருக்கும் ரோவைத்தான் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு) வைத்தாலே இண்டெக்ஸையும் தானே போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் போடாது, அதனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் டேபிளை முழுசாகப் படிக்க வேண்டி வரும், ஒரு ரோவை அழித்தால்கூட அதற்குப் பிள்ளைகள் உண்டா என்று முழு டேபிளையும் தேடும். அப்புறம், ஏற்காடு என்கிற நிபந்தனையை, ரிகர்சிவ் குவெரி தொடங்கும் முதல் செலக்டுக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் மாவட்டம் முழுக்க விரித்த பிறகுதான் வடிகட்டும்.

இரண்டாவது, மாவட்டத்திலிருந்து அந்த இடம் வரையிலான பாதையையே ரோவில் எழுதிவைப்பது. போஸ்ட்கிரெஸில் இதற்கு எல்ட்ரீ என்ற டேட்டா டைப் இருக்கிறது. ஜிஸ்ட் என்ற வகை இண்டெக்ஸோடு சேர்த்தால் ஒரே நிபந்தனையில் கிளை முழுவதும் வந்துவிடும், படிக்க இதைவிட வசதி வேறில்லை. ஆனால் ஓமலூரிலிருந்து காடையாம்பட்டி தனித் தாலுகாவாகப் பிரிந்த மாதிரி ஒன்று நடந்தால்? பேரன்ட் ஐடி முறையில் புதுத் தாலுகாவுக்கு ஒரு ரோ சேர்த்து, நகரும் பிர்காக்களின் பேரன்ட் ஐடியை மாற்றினால் போதும். பாதை முறையில் அந்தப் பிர்காக்களின் கீழே உள்ள ஒவ்வொரு கிராமத்தின் பாதையையும் திருத்தி எழுத வேண்டும்.

க்ளோஷர் டேபிள் என்றால் மேலே இருப்பது, கீழே இருப்பது என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனி டேபிளில் ஒரு ரோ. நம் ஐந்து படியில் ஒரு கிராமத்துக்கு, தன்னையும் சேர்த்து, ஐந்து ரோ. ஒரே ஜாயினில் வேலை முடியும், எந்த டேட்டாபேஸிலும் ஓடும், ஆனால் கிளை நகர்ந்தால் ஜோடிகளை அழித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ரோவுக்கும் இட, வல எண் கொடுத்து, பிள்ளைகளின் எண்களை அவற்றுக்கு இடையே அடக்கும் நெஸ்டட் செட் வேண்டவே வேண்டாம்; நடுவில் ஒரு கிராமத்தைச் சேர்த்தால் அதற்கு வலப்பக்கம் உள்ள எண்களெல்லாம் மாறும்.

ஐந்தே படி ஆழத்துக்கு என் தேர்வு இண்டெக்ஸ் போட்ட ரிகர்சிவ் குவெரிதான். குவெரியை ஓட்டி, அது எப்படி ஓடியது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' கொடுத்துப் பாருங்கள்: பெரிய டேபிளில் சிறு கிளையைக் கேட்டும் ரிகர்சிவ் பகுதிக்குள் 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' (டேபிளை முழுசாகப் படிப்பது) வந்தால் முதலில் இண்டெக்ஸைக் கவனியுங்கள். அது சரியாக இருந்தும் நேரம் போதவில்லை, மரமும் அடிக்கடி மாறாது என்றால் எல்ட்ரீக்குப் போகலாம்.