விண்டோஸ் பழகின கைக்கு உபுண்டு: டாஷ் டு பேனல் எப்படி?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட மெஷினில் விண்டோஸ் பழகின ஆளை உட்கார வைத்து அன்றைக்கே வேலை வாங்க வேண்டுமென்றால் டாஷ் டு பேனல் என்ற எக்ஸ்டென்ஷன் (டெஸ்க்டாப்பில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி) ஒன்று போதும், கூடவே ஜனங்கள் போடச் சொல்லும் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

நான் டிடிபி கடை (டைப்பிங், பத்திரிகை, நோட்டீஸ் வேலை) வைத்திருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அதாவது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளாவில், இந்தத் தேவை கொஞ்சம் விசித்திரமாக வரும். இங்கே கேரளா பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், தமிழ் மீடியமாகவே இருந்தாலும், கேரள அரசின் கைட் அமைப்பு கொடுக்கும் லினக்ஸில்தான் கம்ப்யூட்டரே பழகியிருப்பார்கள். அதுவும் உபுண்டுவை வைத்துச் செய்ததுதான், அதனால் அவர்களுக்கு நம் கடை மெஷின் புதிதில்லை. வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து டைப்பிங் வேலைக்கு வருகிறவர்கள்தான் ஸ்டார்ட் பட்டனைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்துத்தான் வந்தது, ஆனால் அதைத் திறந்து பார்த்த ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

சரி, இது என்ன செய்கிறது? உபுண்டுவில் மேலே ஒரு பட்டை, இடது ஓரத்தில் ஐகான் வரிசை என்று இரண்டு இருக்கிறதல்லவா, அதை ஒன்றாக்கிக் கீழே கொண்டுவந்து வைக்கிறது. வலது மூலையில் மணி, நெட், கீபோர்டு மொழி எல்லாம் வந்துவிடும். அவ்வளவுதான் பார்வைக்கு. எனக்கு உண்மையில் பிடித்தது அதன் செட்டிங்ஸுக்குள் இருக்கும் 'அன்குரூப்' வசதி. டிடிபி கடையில் ஒரே நேரத்தில் அஞ்சாறு லிப்ரெஆபீஸ் ரைட்டர் ஃபைல் திறந்திருக்கும், கல்யாணப் பத்திரிகை தமிழில் ஒன்று மலையாளத்தில் ஒன்று, கோயில் நோட்டீஸ், வில்லேஜ் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் என்று. உபுண்டுவின் வழக்கப்படி இத்தனைக்கும் ஒரே ஐகான், பக்கத்தில் சின்னப் புள்ளிகள். எது எதென்று அழுத்தித்தான் பார்க்க வேண்டும். அன்குரூப் செய்தால் ஒவ்வொரு ஃபைலும் தன் பெயரோடு தனித்தனியாகக் கீழே நிற்கும். பெயருக்கு ஒதுக்கும் அகலம் கம்மி, 'கல்யாணப் பத்திரிகை' வரைக்கும் வந்து வெட்டிவிடும், தமிழா மலையாளமா என்பது தெரியாது. அந்த அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது ஃபைல் பெயரில் மொழியை முதலில் போடச் சொல்லிவிடுங்கள். எங்கள் கடையில் இரண்டாவதுதான்.

போடுவது எப்படி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். உபுண்டுவின் டெஸ்க்டாப்புக்குப் பெயர் க்னோம்; அதன் எக்ஸ்டென்ஷன் தளத்தில் பட்டனைத் தட்டிப் போடுவதற்கு பிரவுசரும் ஒத்துழைக்க வேண்டும், உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதிலிருந்த ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் முறை) ஃபயர்பாக்ஸில் அது வேலை செய்யவில்லை. 'எக்ஸ்டென்ஷன் மேனேஜர்' என்று ஒரு செயலி இருக்கிறது, அதிலேயே தேடி, அதிலேயே போட்டு, அதிலேயே ஆன் செய்துவிடலாம். க்னோம்காரர்களே கொடுக்கும் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' வேறு, அது ஆன், ஆஃப், செட்டிங்ஸ் அளவோடு சரி.

இனி கசப்பான பக்கம். க்னோமில் எக்ஸ்டென்ஷன் என்பது ஓரமாகத் தனியாக ஓடும் புரோகிராம் இல்லை, டெஸ்க்டாப்பை ஓட்டும் அதே புரோகிராமுக்குள் புகுந்து அதன் ஜாவாஸ்கிரிப்டையே மாற்றுகிறது. அதனால் எக்ஸ்டென்ஷனில் கோளாறு வந்தால் திரை மொத்தமும் உறையலாம். உபுண்டு இப்போது திரையைக் காட்டப் பயன்படுத்தும் வேலாண்ட் என்ற முறையில் ஷெல்லை, அதாவது டெஸ்க்டாப்பை ஓட்டும் அந்தப் புரோகிராமை, மட்டும் ரீஸ்டார்ட் செய்யவும் முடியாது, லாக் அவுட் ஆக வேண்டும், திறந்த ஃபைல் எல்லாம் மூடவேண்டும். எந்தப் பரிசோதனையானாலும் ஷட்டர் இறக்கின பிறகு செய்யுங்கள்.

அப்புறம் வெர்ஷன் தலைவலி. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எந்த க்னோமுக்குப் பொருந்தும் என்று தன் ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கும். முன்பெல்லாம் அந்த எண்ணை மட்டும் திருத்திப் பலர் சமாளித்துவந்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றியதும் அந்தக் குறுக்குவழி போச்சு, பழையவை எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டி வந்தது. உபுண்டு 22.04இல் இருப்பது க்னோம் 42, 24.04இல் 46. ஆக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இந்தப் பள்ளம் நடுவில் இருக்கிறது. டாஷ் டு பேனலை எழுதுகிறவர்கள் தாண்டிவிட்டார்கள். நான் வைத்திருந்த ஒரு குட்டி வானிலை எக்ஸ்டென்ஷன் தாண்டவில்லை. அது ஒன்றும் நஷ்டமில்லை, இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டரை ஆட்டினாலே வானிலை தெரிந்துவிடும்.

க்னோமை விட்டு கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டாப்புக்குப் போனால் இதெல்லாம் தேவையே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான், அதில் கீழ்ப்பட்டை பிறவியிலேயே உண்டு. ஆனால் வெளியாள் எழுதினதைப் போடும் ஆபத்து அங்கேயும் உண்டு. 2024 மார்ச்சில் பிளாஸ்மாவுக்கான ஒரு குளோபல் தீமை (மொத்தத் தோற்றத்தையும் மாற்றுவது) போட்டவரின் ஃபைல்களே அழிந்துபோய், கேடிஇ தரப்பே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லும்படி ஆனது. க்னோம் தளத்தில் தன்னார்வலர்கள் எக்ஸ்டென்ஷனின் புரோகிராம் வரிகளைப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள், அது ஒரு ஆறுதல். எங்கிருந்தோ ஜிப் ஃபைலாக வருவதற்கு அந்த ஆறுதலும் கிடையாது.

ஆர்க்மெனு என்ற இன்னொரு எக்ஸ்டென்ஷன் பற்றியும் கேட்பார்கள். ஸ்டார்ட் மெனு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது, டிசைனும் ஏகப்பட்டது, ஆனால் சூப்பர் கீயை (விண்டோஸ் கீதான்) தட்டி நாலு எழுத்து அடிக்கப் பழகினவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நான் அதை நீக்கிவிட்டேன்.

டாஷ் டு பேனலுக்குக் காசு கிடையாது. 22.04க்கு 2027 வரை சப்போர்ட் இருப்பதால் ஓடுகிற மெஷினை அவசரப்பட்டுப் புது வெர்ஷனுக்கு ஏற்ற வேண்டாம், ஏற்றுவதென்றால் உங்கள் எக்ஸ்டென்ஷன் புது க்னோமுக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். நாலைந்து மெஷின் இருக்கிற கடை என்றால் ஒன்றில் மட்டும் டாஷ் டு பேனல் செட்டிங்ஸைப் பொறுமையாகச் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள், அந்த ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப்போய் மற்றதில் இம்போர்ட் செய்தால் எல்லாம் ஒரே மாதிரி வந்துவிடும்.