லிவிங் டுகெதரா, ரிஜிஸ்டர் மேரேஜா: காலேஜ் பசங்க ஏன் முதல்லத எடுக்குறாங்க

சென்னை, பெங்களூருல படிக்கிற ஜோடிங்க கல்யாணம் பண்ணாம ஒண்ணா வீடெடுத்து தங்குனா உடனே மேல்நாட்டு மோகம்னு சொல்லிடறாங்க, எனக்கு அப்டி தோணல, மத்த வழியெல்லாம் எவ்ளோ முட்டுக்கட்டைனு பாத்தா புரியும்.

மொதல்ல வயசு. பையனுக்கு 21 ஆகணும். 20 வயசுல படிக்கிறவன் சட்டப்படி கல்யாணம் பண்ண முடியாது, ஆனா ரெண்டு பேரும் மேஜர்னா, அதாவது 18 முடிஞ்சிருந்தா, சேர்ந்து வாழலாம்னு 2018ல நந்தகுமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு.

ரெண்டு பேரும் வேற வேற மதம்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான். நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருக்கணும், அதை ஆபீஸ்ல ஒட்டுவாங்க, சொந்த ஊர் வேற மாவட்டம்னா அந்த ஊர் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும், அங்க தெரிஞ்சவங்க ஒருத்தர் கண்ணுல பட்டா போதும் வீட்டுக்கு விஷயம் போயிடும். இந்த 30 நாளுக்கு பயந்தே தள்ளிப்போடறவங்க இருக்காங்க.

ரெண்டு பேரும் இந்துன்னா தமிழ்நாட்டுல சுயமரியாதை கல்யாணம் இருக்கு, 1967ல அண்ணா ஆட்சில இந்து திருமணச் சட்டத்துல சேத்த 7ஏ பிரிவு. ஐயர் வேணாம், ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்துனாலே செல்லும், நோட்டீஸும் கிடையாது. சாதி மாறுன காதல், வீட்டாளுங்களால உயிருக்கே பயம்னா நான் இதைத்தான் சொல்வேன், பண்ண கையோட பதிவும் பண்ணிடுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கும்போது அந்த சர்டிபிகேட் கைல இருக்கணும்.

பயம் இல்ல, ஒத்துவருமானு பாக்கணும், வேலை கெடைக்கல அப்டின்னா லிவிங் டுகெதர் நியாயமான முடிவுதான். பிரியணும்னா கோர்ட் படி ஏற வேணாம், கல்யாணம்னா மனமொத்த டைவர்ஸுக்கே ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும்.

ஆனா பொண்ணுங்க இதை கவனிங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் கல்யாணம் மாதிரியான உறவுக்கும் பாதுகாப்பு தருது, அது எப்படிப்பட்ட உறவுனு 2010ல வேலுசாமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது: ரெண்டு பேருக்கும் கல்யாண வயசு ஆகிருக்கணும், புருஷன் பொண்டாட்டி மாதிரி வெளிய தெரியணும், கணிசமான காலம் சேர்ந்து இருந்திருக்கணும். 20 வயசு பையனோட, ஹவுஸ் ஓனர்கிட்ட கசின்னு சொல்லி தங்கிருந்தா இதுல நிக்கறது ரொம்ப கஷ்டம். அதனால உள்ளதைச் சொன்னாலும் வீடு தர்ற ஓனரா தேடுங்க, வாடகை அக்ரிமெண்ட்ல ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும், அட்வான்ஸ்ல உங்க பங்கை பேங்க் வழியா மட்டும் குடுங்க.