டோர்ஃப் படகில் ஒரு மன்னார்குடி லஸ்கர்

வோர்ப்ஸ்வேடே படகுச் சவாரிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் மூன்று படகோட்டிக்கு, ஒன்று ஆற்றுக்கு. குறைத்த ஒன்று எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியில், ப்ரேமன் நகரத்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நகர மன்றக் கட்டடம், அப்புறம் கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல் நிற்கும் அந்தச் சிலை, இரண்டையும் காட்டிவிட்டு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. போன ஜூனில் அப்பா வந்தபோது இந்தத் திட்டம் ஒன்றே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அப்பா மன்னார்குடிப் பக்கம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக 31 வருஷம் வேலை பார்த்தவர். ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுபவர்களைச் சமாதானப்படுத்துவது, இதுதான் அவர் உலகம். கழுதையின் முன்காலை எல்லோரையும் போலப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இங்க வாய்க்கால் ஏதாவது இருக்கா?" என்றார்.

அதனால்தான் வோர்ப்ஸ்வேடே.

ப்ரேமனுக்கு வடகிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்து 670 பேருந்து போகிறது. கோடையில் வார இறுதிகளில் மோர் எக்ஸ்பிரஸ் என்று ஒரு பழைய ரயிலும் உண்டு, நாங்கள் போனது வியாழக்கிழமை. லோயர் சாக்சனி மாநிலத்தில் ஒரு கிராமப்புற நகராட்சி இது. பெரிய ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1974இல் சுற்றியிருந்த ஹியூட்டன்புஷ், வாக்ஹவுசன், ஷ்லுஸ்டோர்ஃப் மாதிரிச் சிற்றூர்களை எல்லாம் சேர்த்த பிறகும் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஜெர்மனிக்காரர்கள் இங்கே வருவது ஓவியத்துக்காக. ஃப்ரிட்ஸ் மாக்கென்சன், ஓட்டோ மோடர்சோன், ஹான்ஸ் ஆம் எண்டே என்று மூன்று இளம் ஓவியர்கள் 1889இல் வந்து, வானம் நன்றாக இருக்கிறது என்று இங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு கூட்டம் சேர்ந்தது. அருங்காட்சியகங்கள் நன்றாக இருக்கின்றன. அப்பா முதல் அருங்காட்சியகத்தில் பதினைந்து நிமிஷம் நின்றார். அதில் பத்து நிமிஷம் ஒரு படத்தில் இருந்த வாய்க்காலைப் பார்த்தார். ஓவியம் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது, மன்னிக்கவும்.

படகுத்துறை ஊருக்கு வெளியே இருக்கிறது. முன்பதிவு செய்த இணையதளம் இதைச் சொல்லவில்லை. ஊர் நடுவில் இறங்கி, வழி கேட்டு, 68 வயது மனிதரை அரை மணிக்கு மேல் நடக்கவைத்தேன். குறைந்த நட்சத்திரத்தில் பாதி இதற்கு. (ஹம்மே ஆற்றில் பல பேர் படகு விடுகிறார்கள். நாங்கள் போனது யாருடையது என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர்கள், இணையதளம்தான் சரியில்லை.) நடந்ததில் ஒரு லாபம், நிலம் எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்தது. ஊர் இருப்பது வையர்பெர்க் என்ற மணல்மேட்டின் சரிவில். அந்த மேடு மொத்தமே 54 மீட்டர்தான். பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மிச்சம். அதைவிட்டு இறங்கினால் அப்புறம் தட்டையோ தட்டை. புல்வெளி, பள்ளம், புல்வெளி, பள்ளம். சாலை ஓரிடத்தில் லேசாக அலை அலையாக இருந்தது. "அடில மண்ணு இல்ல, வேற என்னமோ இருக்கு" என்றார் அப்பா.

இருப்பது டோர்ஃப். ஆங்கிலத்தில் பீட். அப்படிச் சொன்னதும் அப்பா, "உங்கம்மா மாடித்தோட்டத்துக்கு வாங்குவாளே, அந்தத் தேங்காய் நார்த்தூளா?" என்றார். சிரித்தேன், ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. கோகோபீட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் சரக்குக்கு மாற்று என்பதால்தான். இங்கே தோட்டக் கடைகளில் 'டோர்ஃப் கலக்காதது' என்று எழுதிய மண் மூட்டைகளை இப்போது பெருமையாக அடுக்கிவைக்கிறார்கள். அதில் பல மூட்டைகளில் கலந்திருப்பது நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாகக் கப்பலேறி வரும் நார்க்கழிவு மாதிரியான சரக்குதான்.

படகு சுமார் பத்து மீட்டர் நீளம், தட்டையான அடி, கறுப்புத் தார் பூசிய ஓக் பலகை, துருப்பிடித்த நிறத்தில் பாய். அந்தக் காலத்தில் இதே மாதிரிப் படகுகளில்தான் டோர்ஃபை ஏற்றி ப்ரேமனுக்கு அடுப்பெரிக்கக் கொண்டுபோனார்கள். பாலத்துக்கு அடியில் போகும்போது பாய்மரத்தைப் படுக்கவைக்கலாம். இப்போது ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது, காற்று வாகாக இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாயை விரிக்கிறார்கள். எங்களுக்கு இருபது நிமிஷம் அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. மோட்டார் நின்றதும் நாணல் உரசும் சத்தம் மட்டும்தான்.

படகோட்டிக்கு எழுபது வயதிருக்கும். நீல நிற மேல்சட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. இது சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷம் என்று முதலில் நினைத்தேன். வாயைத் திறந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. பாதி ஜெர்மன், பாதி இந்தப் பக்கத்துப் பழைய பேச்சான ப்ளாட். எனக்கே முக்கால்வாசிதான் புரிந்தது. புரிந்ததை அப்பா காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் இரண்டு தடவை முறைத்தார்.

இந்தச் சதுப்புக்கு டொய்ஃபெல்ஸ்மோர் என்று பெயர். 'பிசாசுச் சதுப்பு' என்று எல்லோரும் மொழிபெயர்க்கிறார்கள். பிசாசும் இல்லை ஒன்றும் இல்லை என்றார் படகோட்டி. பழைய பேச்சில் 'டோவ்' என்றால் செவிடு. விதைத்தால் பதில் சொல்லாத நிலம், அதனால் செவிட்டு நிலம். வெளியூர்க்காரர்கள் அதைப் பிசாசு என்று காதில் வாங்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "களர் நிலத்தைச் செவிடுன்னு சொல்றது சரிதான்" என்று தலையாட்டினார்.

அப்புறம் ஒரு டோர்ஃப் கட்டியைக் கைமாற்றிவிட்டார்கள். செங்கல்லைவிடக் கொஞ்சம் சின்னது, எடையில் ரஸ்க் மாதிரி. நகத்தால் கீறினால் காபித்தூள் நிறத்தில் உதிர்கிறது, உள்ளே மக்காத பாசியின் நார்கள் பின்னிக் கிடக்கின்றன. முகர்ந்தால் மழைக்குப் பிந்தைய வைக்கோல் போர் வாசனை. சதுப்பில் பாசி வளர்ந்து, செத்து, தண்ணீருக்குள் காற்றுப் படாமல் மக்கமுடியாமல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் இது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உயரும். அப்பா கட்டியின் கனத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்து, "பத்து சென்டிமீட்டர் வச்சுக்கோ, நூறு வருஷம்" என்று சொல்லி, அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

இந்த நிலத்தில் ஆளைக் குடியேற்றியவர் யூர்கன் கிறிஸ்டியான் ஃபிண்டோர்ஃப். 1720இல் பிறந்தவர், தொழிலால் தச்சர். பிறகு நில அளவை கற்றுக்கொண்டு, 1771இல் ஹனோவர் அரசின் சதுப்பு ஆணையர் ஆனார். அப்போது ஹனோவரை ஆண்டவர் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ்தான். சொந்த நிலம் கிடைக்க வழியில்லாத பண்ணையாட்களுக்கும், விவசாயிகளின் இளைய பிள்ளைகளுக்கும் நீள நீளமான பட்டைகளாக நிலம் கொடுத்தார்கள், சில வருஷம் வரி இல்லை. முதலில் வாய்க்கால், வாய்க்கால் ஓரமாக வீடு, வீட்டுக்குப் பின்னால் நிலம். அதனால்தான் வரைபடத்தில் இங்குள்ள கிராமங்கள் அடிமட்டை வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கின்றன. வந்தவர்கள் புல்கட்டிகளை அடுக்கிக் குடிசை போட்டுக்கொண்டு, சதுப்பின் மேல்பரப்பை எரித்து அந்தச் சாம்பலில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்தார்கள். இங்கே ஒரு பழமொழி உண்டு. முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதற்குப் பஞ்சம், மூன்றாவதற்குத்தான் ரொட்டி. படகோட்டி இதைச் சொல்லும்போது யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இதுவரை அப்பா நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு அவருடைய கேள்வி வந்தது. "சதுப்பு மேடாத்தானே இருக்கும்? ஆறு கீழ ஓடுது. வாய்க்கால் வெட்டினா தண்ணி எல்லாம் ஆத்துக்கு ஓடிடுமே. அப்புறம் படகு எதுல மிதக்கும்?"

நான் மொழிபெயர்த்தேன். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு அப்பாவை நன்றாகப் பார்த்தார். இதை இந்தப் படகில் யாரும் கேட்டதில்லையாம்.

பதில், கிளாப்ஸ்டாவ். தமிழில் சாய்கதவு என்று சொல்லலாம். வாய்க்காலில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகப் படுகையில் பொருத்திய பலகைத் தடுப்பு. அது தண்ணீரைப் படிப்படியாகத் தேக்கி நிறுத்தும். சுமையோடு இறங்கி வரும் படகு மூக்கால் முட்டினால் பலகை அமுங்கி வழிவிடும், படகு மேலே வழுக்கிக்கொண்டு போகும், போனதும் தண்ணீரே பலகையை மறுபடி தூக்கி நிறுத்திவிடும். படகோட்டி இடது உள்ளங்கையைக் கதவாக வைத்து, தன் தொப்பியைப் படகாக்கி இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது தடவை அப்பா தன் உள்ளங்கையை நீட்டினார், தொப்பி அதன் மேல் போனது. "ஆளே வேண்டாம்! ஷட்டர் ஏத்த லஸ்கரே வேண்டாம்!" என்றார் அப்பா. வேலை போய்விட்ட வருத்தம் மாதிரியும் இருந்தது, பாராட்டு மாதிரியும் இருந்தது. திரும்பி வரும் வெறும் படகு என்ன செய்யும் என்று கேட்டார். இழுக்க வேண்டியதுதான், தோளில் கயிறு, அது ஆளுடைய வேலை என்றார் படகோட்டி.

அப்புறம் மற்றவர்களை இருவரும் மறந்துவிட்டார்கள். ஹம்மேயையும் ஓஸ்டே ஆற்றையும் இணைக்க 1769 முதல் 1790 வரை ஃபிண்டோர்ஃப் கால்வாய் வெட்டியதைப் படகோட்டி சொன்னார். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புவதை அப்பா விரலால் பலகையில் தண்ணீர் தொட்டு வரைந்தார். அங்கே பிரிகிறது, இங்கே சேர்கிறது. ஹம்மேயும் வ்யூம்மே ஆறும் கூடி 'லேசும்' என்ற ஆறாகி வேசர் ஆற்றில் விழுகின்றன. கடல் ஏறும்போது அந்தத் தண்ணீர் எதிர்த்து உள்ளே வராமல் ரிட்டர்ஹூடேயில் ஒரு மடைக்கதவு இருக்கிறது. அப்பாவுக்கு அதையும் பார்க்க வேண்டுமாம். முறைத்த அம்மாள் இப்போது தானே எனக்கு ப்ளாட்டிலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.

குறைத்த நட்சத்திரத்தின் மறுபாதி இதுதான். இவ்வளவு விஷயம் இருக்கும் சவாரியில் ஜெர்மன் தெரியாதவருக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. ஜெர்மன் தெரியாமல் தனியாகப் போனால் நாணலும் கொக்கும் பார்க்கலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் கொடுத்த காசில் பாதிதான் கிடைக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுச் செலவு ஆனது. பின்வரிசையில், படகோட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் காற்றில் பேச்சு கேட்காது. மேற்கூரை இல்லை, ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

திரும்பும் வழியில் சியோன் தேவாலயத்துக்கு மட்டும் போனோம். ஃபிண்டோர்ஃபின் மேற்பார்வையில் 1757 முதல் 1759 வரை கட்டியது. 1900 ஆகஸ்ட்டில் பவுலா பெக்கர், கிளாரா வெஸ்ட்ஹோஃப் என்று இரண்டு இளம் கலைஞர்கள் விளையாட்டாகக் கோபுரத்தில் ஏறி மணியை இழுத்துவிட்டார்கள். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் தீ என்று அர்த்தம். காய்ந்த டோர்ஃபை அடுக்கி வைத்திருக்கும் ஊரில் தீ என்றால் எப்படி ஓடிவந்திருப்பார்கள்! அபராதம் கட்டக் காசில்லாமல், அதற்குப் பதிலாக ஒருத்தி தேவாலயத்துக்குள் பூக்கள் வரைந்தாள், இன்னொருத்தி தேவதைத் தலைகள் செய்து வைத்தாள். அவை இன்னும் இருக்கின்றன. பவுலா 1907இல் 31 வயதில், பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். கல்லறை வெளியே அதே வளாகத்தில். அப்பா அங்கே கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்துக் கடையில் காபி. கார்டு வாங்கமாட்டார்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, படகைவிட்டு இறங்கும்போது கடைசியாகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை எழுதிக்கொண்டிருந்தார். கேள்வி, "வாய்க்காலைத் தூர் வாரறது யாரு?" பதில், நிலத்துக்காரர் அவரவர் பள்ளத்தை அவரவரே சுத்தம் செய்யவேண்டும், இலையுதிர்காலத்தில் நீர்ச் சங்கத்துக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். 'கிராபன்ஷாவ்' என்று அந்தப் பார்வையிடலுக்குப் பெயர். எழுத்துக்கூட்டி என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதி, பக்கத்தில் 'குடிமராமத்து' என்று போட்டு, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

ஆங், படகுத்துறையில் கழிப்பறை இல்லை. ஊரிலேயே போய்விட்டு நடங்கள்.