ஜெய்சல்மேரில் பழைய ஓவியம் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

ஜெய்சல்மேர் கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளில் "ஆர்ட் கேலரி" என்று பலகை மாட்டிய கடைகள் ஏராளம். அவற்றுள் ஒன்றில் 150 ஆண்டுப் பழைமை வாய்ந்தது என்று சொல்லி எனக்கு 18,000 ரூபாய்க்கு விற்கப்பட்ட சிற்றோவியம், அச்சடித்த படத்தின் மேல் ஆங்காங்கே வண்ணம் தீட்டியது. விடுமுறைக்கு அங்கே செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பட்வா ஹவேலி என்ற பழைய மாளிகையைப் பார்த்து முடித்ததும், எங்களுடன் வந்த வழிகாட்டி, அருகில் அரசு உதவி பெறும் ஓவியப் பள்ளி ஒன்று இருப்பதாகவும் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்றும் கூறி அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றார். பள்ளி என்பதற்கான அடையாளம் எதுவும் அங்கே இல்லை. வாசலில் அமர்ந்திருந்த இளைஞர், அணில் முடியாலான தூரிகையை எடுத்து, என் மகளின் கட்டைவிரல் நகத்தில் அம்பாரியோடு ஒரு யானையைக் கண் முன்னே வரைந்து காட்டினார். அந்தக் கைத்திறன் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், அதைப் பார்த்து வியந்து நிற்பவர்களை உள்ளே அழைத்துப் போய், சுவரில் தொங்குபவை அனைத்தும் அப்படியே வரையப்பட்டவை என்று நம்ப வைப்பதுதான் அங்கே நடக்கும் வியாபாரம்.

எங்களுக்குக் காட்டப்பட்டது, ராஜஸ்தானின் நாட்டுப்புறக் காதல் கதையில் வரும் டோலாவும் அவன் காதலி மாருவும் ஒட்டகத்தின் மேல் செல்லும் காட்சி. மங்கிய முத்திரைத்தாளின் மேல் அது வரையப்பட்டிருந்தது. ஓரங்களில் உருது எழுத்துகளும் பழைய முத்திரை ஒன்றும் தெரிந்தன. கோட்டைக்குள் இருக்கும் சமணர் சுவடி நிலையத்தோடு தொடர்புடைய ஒரு குடும்பத்திலிருந்து வந்தது என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். பழைய நீதிமன்றத் தாள்களையும் கணக்கேட்டுத் தாள்களையும் வாங்கி அவற்றின் மேல் இன்றைய ஓவியங்களைத் தீட்டுவது ராஜஸ்தானில் வெளிப்படையாகவே நடக்கும் தொழில். புதியது என்று சொல்லி விற்றால் அதில் தவறு ஏதுமில்லை. தாளின் வயதை ஓவியத்தின் வயதாகக் காட்டுவதுதான் மோசடி.

மறுநாள் கோட்டைக்குள் கடை வைத்திருக்கும் வேறொரு ஓவியரிடம், பிரேம் போடுவதற்காக அதைக் கொடுத்தோம். அவர் லென்ஸை மாருவின் முகத்தின் மேல் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கன்னத்தில் தூரிகைக் கோடு ஒன்றுகூட இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என அச்சில் விழும் பொடிப் புள்ளிகள் மட்டுமே இருந்தன. பொன்னிறக் கரையிலும் ஒட்டகத்தின் சேணத்திலும் மட்டும் உண்மையான வண்ணம் தடித்துப் படிந்திருந்தது. விரலால் தடவிப் பார்ப்பவர்கள் தொடும் இடங்களும் அவைதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் தாம் வரைந்த படத்தைக் காட்டினார். அதில் தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனிக் கோடாக, ஒன்றன் மேல் ஒன்று படிந்து தெரிந்தது.

அந்தக் கடைக்குத் திரும்பிச் சென்று கேட்டபோது உரிமையாளர் பில்லைப் படிக்கச் சொன்னார். "கைவினைப் பொருள் 1, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று மட்டுமே அதில் இருந்தது. வாயால் சொன்ன வயது, கையால் வரைந்தது என்ற பேச்சு, சுவடி நிலையக் கதை எதுவும் தாளில் ஏறவில்லை. வழிகாட்டியோ அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. கமிஷனுக்காக ஆட்களைக் கடைக்கு அழைத்து வருவது அங்கே சர்வசாதாரணம் என்று எங்கள் விடுதிப் பணியாளர்களே பிறகு சொன்னார்கள்.

ஆகவே, பழைய ஓவியம் என்று யாராவது சொன்னால் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓவியத்தை வணிகமாக விற்பவருக்கு உரிமம் இருந்தாக வேண்டும்; அத்தகைய பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். யானைத் தந்தத்தில் வரைந்தது என்று ரகசியக் குரலில் காட்டப்படுபவையும் பெரும்பாலும் ஒட்டக எலும்புதான். உண்மையில் தந்தமாகவே இருந்தால் அதை வாங்குவதே குற்றம். புதிய ஓவியம் என்றால், "கையால் வரையப்பட்டது, அச்சு அல்ல" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஓவியர் அதை எழுதித் தரத் தயங்குவதில்லை. எங்களுக்கு லென்ஸ் காட்டியவர் தம் படத்துக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் ஜெய்சல்மேருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. நான் அந்த வழியில்தான் புகார் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதே போன்ற படத்தை வாங்கியவர்கள் பில்லையும் பணம் செலுத்திய விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். முகப் பகுதியை லென்ஸ் வழியே படமெடுத்து வையுங்கள்.