செம்மண் கரையில் கத்துகிற மிஷின்: மெட்டல் டிடெக்டர் அனுபவம்

என் மெட்டல் டிடெக்டரின் காயிலுக்கு, அதாவது மண்ணுக்கு மேலே வீசுகிற கம்பிச் சுருளுக்கு, போகும் கேபிளைச் சரிபண்ணி மிஷின் போன வாரம்தான் கைக்கு வந்தது. அதே வாரத்தில் ஆன்லைனில் அதன் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. தேவகோட்டை நண்பர் உடனே போன் போட்டார். "அண்ணே, இப்ப வாங்கிரலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீகளே." போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். மாடல் பெயர் வேண்டாம். குறைந்த விலை, ஒற்றை அலைவரிசை, மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய ரகம். அந்த ரகம் எதை வாங்கினாலும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மிஷின் காரணமில்லாமல் கத்துகிறது என்று வாங்கிய இடத்தில் சொன்னபோது, கேபிள் போயிருக்கும், மொத்தக் காயிலையும் மாற்றுங்கள் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன விலை மிஷின் விலையில் பாதிக்குப் பக்கம். நான் காரைக்குடியில் பழைய ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். காயில் கழுத்தில் கேபிள் மடங்கி மடங்கி உள்ளே ஒரு இழை உண்மையிலேயே அறுந்திருந்தது. அவர் ஒட்டுப் போட்டு, மேலே ஸ்லீவ் மாட்டி, இனி மடங்காதபடி தண்டோடு சேர்த்துக் கட்டியும் கொடுத்தார். அருமையான வேலை. இப்போது காயிலைத் தட்டினாலும் ஆட்டினாலும் சத்தமில்லை. ஆனால் கண்மாய்க் கரையில் கொண்டுபோய் இறக்கினால் அதே கத்தல். கேபிள் ஒரு கோளாறு, அவ்வளவுதான். இந்தக் கத்தல் எங்கள் மண்ணிலிருந்து வருவது.

செட்டிநாட்டில் காலடியில் இருப்பது செம்புறாங்கல். வானம் பார்த்த பூமி. கரை மேடு முழுக்க மொச்சை அளவில் சிவப்புச் சரளை கிடக்கும். அத்தனையும் இரும்பு ஆக்சைடு. டிடெக்டரின் காயில் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சற்றுப் பிந்திய பதில் திரும்பி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்துத்தான் மிஷின் இரும்பு, தங்கம், செம்பு என்று எண் போடுகிறது. இங்கே மண்ணே பதில் சொல்கிறது. மண்ணின் பதில் இவ்வளவு என்று மிஷினுக்குக் காட்டி, அதைக் கழிக்கச் சொல்வதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். நல்ல மிஷினில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை மண்ணுக்கு மேலே ஏற்றி இறக்கினால் போதும், அந்த இடத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்த மிஷினில் அந்தப் பட்டன் இல்லை. எந்த ஊரோ ஒரு சராசரி மண்ணுக்கு வைத்த கணக்கு, அதைத் தொடவும் முடியாது.

விளைவு என்ன? கரை மேட்டில் ஒரு வீச்சு வீசினால் கரகரவென்று பொரிகிறது. இரும்பு எண்ணில் ஆரம்பித்து நடு எண்ணுக்குத் தாவி, மறுபடி கீழே விழுகிறது. தோண்டினால் சரளை. அடுத்ததும் சரளை. சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் குறைத்தால் கத்தல் அடங்கும், ஆழமும் கூடவே போய்விடும். வண்டலில் ஒரு சாண் ஆழத்தில் காசைக் காட்டுகிற மிஷின், சரளையில் நாலு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. காயிலைத் தரையிலிருந்து மூன்று விரல் தூக்கிப் பிடித்து மெதுவாக வீசினால் கொஞ்சம் பரவாயில்லை. சந்தேகமான சத்தம் கேட்டால் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று குறுக்கே வீசுங்கள். காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். சரளை ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் வாயை மூடிக்கொள்ளும். ஹெட்போன் போட்டால் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இனி நியாயத்தைப் பேசுகிறேன். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி, செம்மண் மேட்டுக்குக் கீழே சாம்பல் நிற வண்டல் வெளியே தெரியும்போது இந்த மிஷின் வேறு ஆளாகிவிடுகிறது. ஒரு பொரிதலும் இல்லை. அமைதியாக இருந்து, செம்புக்கும் வெள்ளிக்கும் மட்டும் மணியடித்தாற்போல ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வெயிலில் நிற்கலாம். படித்துறைப் பக்கம் எனக்கு முதலில் கிடைத்தது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்த, நடுவில் பெரிய ஓட்டை வைத்த வெண்கலக் காசு. அரைஞாண் கயிற்றிலோ மாட்டுக் கழுத்திலோ கோத்துக் கட்டியிருந்து அறுந்ததாக இருக்கலாம். அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணாக்கள்.

என்னை அசைத்தது ஒரு சதுரக் காசு. மூலைகள் மழுங்கிய, பச்சை ஏறிய செம்பு நிறக் காசு. தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தபோது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற எழுத்தும், ஒரு சென்ட், 1920 என்பதும் தெரிந்தன. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் புழங்கியது. கொஞ்ச நாள் கழித்து அதே கரையில் பனைமரம் போட்ட இலங்கைச் செப்புக் காசு ஒன்று. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர் இது. வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளையோ, கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையனோ, திரும்பி வந்தவர் மடியில் மிச்சமிருந்த சில்லறை குளிக்கும்போது தண்ணீரில் விழுந்திருக்கிறது. பங்களா வீட்டின் தேக்குத் தூணைப் பார்க்கும்போது வராத நெருக்கம் அந்தக் காசைக் கையில் வைத்திருக்கும்போது வருகிறது. பழைய காசு கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த பச்சையோடு எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

நகை விஷயத்தில் எந்த மிஷினும் உங்களை வேலை வாங்கும், அதற்கு இதைத் திட்டமாட்டேன். என் மிஷினில் மெல்லிய தங்கம் விழும் நடு எண்களில்தான் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும், பாக்குப் பொட்டலமும், வீச்சு வலையில் கட்டும் ஈயக் குண்டும் விழுகின்றன. குப்பையை ஒதுக்குகிறேன் என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் மோதிரமும் சேர்ந்து அடைபடும். ஆகவே தோண்டித்தான் பார்க்க வேண்டும். மாட்டு லாடமும் லாட ஆணியும் இரும்பு எண்ணிலேயே விழும், அவற்றை விட்டுவிடலாம். 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாயும் காந்தம் பிடிக்கிற எஃகு என்பதால் இரும்போடு சேர்ந்துகொள்கிறது.

தேட வேண்டிய இடம் முளைப்பாரி கரைக்கும் துறை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நகை போட்டு, தலையில் சுமந்து வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும் ஒரே நாள். போன முளைப்பாரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மோதிரத்தை விட்டுவிட்டாள். அவளுடைய அப்பத்தா போட்டுவிட்ட மோதிரம். தண்ணீர் இறங்கியதும் அந்த இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து வரிவரியாக வீசினேன். ஈயக் குண்டு, மாத்திரை அட்டை, மறுபடி ஈயக் குண்டு. அப்பத்தா கரையில் உட்கார்ந்து, "ஏப்பா, வெயிலு ஏறுதே, போதும்ப்பா" என்றார். அடுத்து வந்த சத்தமும் ஈயம் மாதிரியேதான் இருந்தது. களைக்கொத்தால் ஒரு கட்டியைப் பெயர்த்து இரண்டாக உடைத்தேன். கறுத்த களிமண்ணுக்குள் அரை வட்டமாக மஞ்சள். தங்கம் மண்ணில் எத்தனை நாள் கிடந்தாலும் போட்ட நிறத்திலேயே வரும். அப்பத்தா அதை வாங்கி முந்தானையில் துடைத்து, பேத்தி விரலில் போடாமல் தன் மடியில் முடிந்துகொண்டார்.

நண்பர் கேட்ட இன்னொன்று, புதையல். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலப்போக்கில் அந்தப் பத்து ரூபாய்க்கு அர்த்தமே போய்விட்டது, சட்டம் போகவில்லை. நூறு ஆண்டு பழமையான பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கமே மிஷினைக் கொண்டுபோகாதீர்கள். கண்மாயில் இறங்குமுன் ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் ஊருணிக்குள் காலே வைக்கக்கூடாது. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. தோண்டும்போது தாழியின் விளிம்போ கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். தோண்டிய குழியைத் திரும்ப மூடுங்கள், மாடு கால் விட்டால் முறிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இறங்கிய விலைக்கும் வேண்டாம். எனக்கு அந்தச் சதுரக் காசையும் அப்பத்தாவின் மோதிரத்தையும் எடுத்துக் கொடுத்த மிஷின்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய்கள் எல்லாம் மேடு செம்மண். வருடத்தில் இரண்டு மாதம் வாய்திறந்து பேசிவிட்டு, மற்ற மாதங்களில் சரளையோடு சண்டை போடுகிற ஒன்றுக்கு அந்தக் காசைக் கொடுப்பது எனக்கு ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து, கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் வைக்க முடிகிற மிஷினாகப் பாருங்கள். அதற்குள் அவசரமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். என் மிஷினையே தருகிறேன். முதலில் மேட்டில் ஒரு மணி நேரம் வீசுங்கள், அப்புறம் வண்டலுக்கு இறங்கலாம்.