ரிஸ்க் வாங்கலாமா? ஆஸ்திரேலியாவின் அந்த 2 படைகளைப் பற்றி

உலக வரைபடத்தில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் ரிஸ்க் பலகை விளையாட்டின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த நண்பன் கேட்டான்: "வாங்கலாமாடா? நீதான் பல வருஷமா வெச்சிருக்கியே." வாட்சப்பில் ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் புழுக்கத்தில் பலகை லேசாக வளைந்திருக்கிறது, மடிப்பில் நிறம் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பகடையும் காய்களும் புதுசு போலவே இருக்கின்றன. என் கோபமெல்லாம் எந்தக் கண்டத்தைப் பிடித்தால் எத்தனை படை போனஸ் என்று சொல்லும் அந்தச் சின்னப் பட்டியல் மேல்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு 2, தென் அமெரிக்காவுக்கும் 2. இரண்டிலும் நாலு நாலு பகுதிகள்தான். ஆனால் தென் அமெரிக்காவுக்கு வெனிசுவேலா, பிரேசில் என்று எதிரி நுழைய இரண்டு வாசல். ஆஸ்திரேலியாவுக்கோ, பலகையில் அதோடு சேர்ந்த இந்தோனேசியா ஒன்றுதான். பாதிக் காவலுக்கு அதே கூலி! எங்கள் வீட்டில் மச்சான் முதல் சுற்றிலேயே அங்கே போய்விடுவார். இந்தோனேசியாவில் காய்களைக் கோபுரமாக அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஐரோப்பாவில் நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு தேய்ந்துபோன பிறகு மெதுவாகக் கிளம்பி வருவார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பட்டியல் அப்படித்தான் ஆடச் சொல்கிறது.

2 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். 12 பகுதிகளுக்குக் கீழே வைத்திருப்பவருக்குச் சுற்றுக்கு 3 படைதான். அதில் 2 கூடினால் 5. ஆட்டத்தின் தொடக்கத்தில் இது பெரிய தொகை. அதோடு, போனஸ் பிடித்த உடனே கைக்கு வராது. மற்ற எல்லாரும் ஆடி முடித்து, உங்கள் முறை திரும்பி வரும்போது கண்டம் முழுசாக உங்களிடம் இருந்தால்தான் வரும். ஐந்து பேர் ஆடினால் நாலு பேருடைய அடியைத் தாங்க வேண்டும். யாராவது ஒரே ஒரு பகுதியைப் பறித்தாலும் போனஸ் மொத்தமும் போச்சு. ஆசியாவுக்கு 7 என்று தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். 12 பகுதி, 5 வாசல். அந்த 7-ஐ எங்கள் வீட்டில் வாங்கியவர்கள், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

ஆக, போனஸ் என்பது நிலத்தின் அளவுக்குத் தருகிற விலையாக மட்டும் இருக்கக் கூடாது. காவலுக்கான கூலியும் அதில் இருக்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு எளிது: வாசலுக்கு ஒரு படை, முழுசாக நாலு பகுதிக்கு ஒரு படை. போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஆஸ்திரேலியா அதே 2, ஐரோப்பா அதே 5, வட அமெரிக்காவும் அதே 5. தென் அமெரிக்கா 3, ஆப்பிரிக்கா 4, ஆசியா 8 என்று மூன்று இடத்தில் மட்டும் ஒவ்வொன்று கூடுகிறது. ஆஸ்திரேலியாவைத் தொடவே வேண்டாம், அதன் போட்டியாளர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தால் போதும். பென்சிலால் திருத்தி ஆடியதிலிருந்து மச்சானுக்கே தென் அமெரிக்கா மேல் கண் வந்துவிட்டது.

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பெர் லாமொரிஸ் உருவாக்கி, 1957-இல் வெளிவந்த விளையாட்டு இது. ஒரு வட்டாரத்தை முழுசாகப் பிடித்தால் கூடுதல் படை என்ற ஒரே விதியால், வெறும் பகடை உருட்டலை எங்கே நிற்பது, யாரை விடுவது என்று மூளையைக் கசக்க வைக்கும் ஆட்டமாக மாற்றிவிட்டார். அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். திருத்த ஆசை வருவதே அடித்தளம் அவ்வளவு நன்றாக இருப்பதால்தான்.

அந்த ஆசைதான் எங்களைச் சொந்த வரைபடம் வரை இழுத்துக்கொண்டு போனது. என் பலகையில் நம் தீபகற்பம் சயாம் என்ற பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சயாம் என்றால், ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் பலிகொடுத்துப் போட்ட மரண ரயில் பாதைதான். பாட்டி இருந்தவரை வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஆட மாட்டோம். சரி, நம் ஊரையே வரைவோம் என்று மணிலா அட்டை வாங்கினோம்.

மாநிலங்களை அப்படியே எடுத்தால் பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் நாலும் சேர்ந்து இன்னொரு ஆஸ்திரேலியா ஆகிவிடும். பேராக் ஒன்றுதான் வாசல், மற்ற மூன்றும் அதன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். அதனால் மாநிலங்களை மாவட்டங்களாக உடைத்தோம். தித்திவங்சா மலைத்தொடரைச் சுவராக வைத்து, சாலை இருக்கிற இடத்தில் மட்டும் வழி விட்டோம். பேராக்கிலிருந்து கிளந்தானுக்குக் கெரிக் வழியாக ஜெலிக்கு. கேமரன் மலைக்குச் சிம்பாங் பூலாயும் தாப்பாவும். சிலாங்கூருக்குத் தஞ்சோங் மாலிமும் ஊத்தான் மெலிந்தாங்கும். தினமும் லாரி போகிற சாலையெல்லாம் படை போகிற வழியாகத் தெரிய ஆரம்பித்தால் அப்புறம் விட மனசே வராது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் பதில்: வாங்காதேடா. அந்தப் பட்டியலுக்கு இன்னொரு முறை நம் பக்கத்திலிருந்து காசு போவதை என்னால் பொறுக்க முடியாது. மார்க்கர் பேனாவும் இன்னொரு மணிலா அட்டையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடு. காய்கள் என்னிடம் இருக்கின்றன. ஆறு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பகாங்குக்கு எத்தனை போனஸ் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. 9 கேட்கிறார் மச்சான். எனக்கு 8-க்கு மேல் கொடுக்க மனசில்லை.