இல்லப் பிள்ளைகளின் பதிவுகள்: காகிதமா, கணினியா, ஏஐயா?

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் இல்லத்தில் 2 வருடம் முன்பு கேஸ் ஃபைல்களைக் கணினிக்கு மாற்றினோம். மாற்றலாமா என்று யோசிக்கும் மற்ற இல்லத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். என் ஓட்டு கணினிப் பதிவுக்குத்தான்.

தேட எளிது, இடம் அடைக்காது, கரையான் அரிக்காது. இதெல்லாம் தெரிந்ததுதான். காகிதமும் லேசுப்பட்டதில்லை. கரண்ட் போனாலும் படிக்கலாம். பிள்ளையை எங்கே தங்கவைப்பது என்று முடிவு செய்யும் குழந்தை நலக் குழுவின் உத்தரவுகளை, கையெழுத்துள்ள அசலாகவே, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறோம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒரு விஷயம். தனக்கு நடந்ததை ஒரு பிள்ளை எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது?

கணினிக்கு மாறுவதற்கு முன்னால், வேறு மாவட்டத்து இல்லத்திலிருந்து 9 வயதுச் சிறுமி ஒருத்தி எங்களிடம் வந்தாள். கூட வந்த ஃபைலில் மாற்றல் உத்தரவு, ஒரு போட்டோ, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அவ்வளவுதான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் வருட மாதிரி விதிகளில் படிவம் 7 என்று வருகிற தனிநபர் பராமரிப்புத் திட்டம், அதாவது பிள்ளையின் பின்னணியும் தேவைகளும் எழுதியிருக்கும் படிவம், பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. எங்கள் ஆற்றுப்படுத்துநர் (பிள்ளைகளிடம் பேசி மனநல ஆலோசனை தருபவர்) முதல் நாளே நோட்டோடு உட்கார்ந்தார். "அங்கேயே எல்லாத்தையும் சொல்லிட்டேனே அக்கா" என்றாள். அப்புறம் வாயே திறக்கவில்லை. பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். படிவம் வந்து சேர 3 வாரம் ஆனது. கதவைச் சாத்தினால் அவளுக்குத் தூக்கம் வராது என்று அதில் எழுதியிருந்தது. அந்த 3 வாரமும் நாங்கள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தோம்.

கணினிப் பதிவாக இருந்தால், பிள்ளை வாசலுக்கு வரும் முன்பே அந்தப் பக்கத்தை நாங்கள் படித்திருக்கலாம். ஆனால் அன்றன்றைக்கு எழுதினால்தான் இது நடக்கும். தினமும் மாலை அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வாரக் கடைசியில் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய ஃபைல் கதைதான். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சரி, ஏஐ? நீண்ட குறிப்புகளைக் கொடுத்துச் சுருக்கம் வாங்கலாமே என்று இளைய சமூகப் பணியாளர் ஒருவர் கேட்டார். உண்மைப் பிள்ளையின் விவரத்தைத் தர மாட்டேன் என்று கற்பனைக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். "அம்மா வருவாங்க என்கிறாள்" என்ற வரி, சுருக்கத்தில் "தாயுடன் தொடர்பில் உள்ளார்" என்று வந்தது. அதை நம்பி யாராவது பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பரிந்துரைத்தால்? ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் ஏஐயிடம் சுருக்கம் கேட்கவில்லை.

காணாமல்போன பிள்ளைகளை, போட்டோவில் உள்ள முகத்தை ஏஐ மென்பொருளால் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது வேறு. 2018-இல் தில்லி போலீஸ் நடத்திய சோதனையில் 4 நாளில் சுமார் 3,000 பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டதாகச் செய்தி வந்தது. மறுவருடமே, அந்த மென்பொருளுக்கு ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பதே சரியாகத் தெரியவில்லை என்று அரசுத் தரப்பு தில்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை. தேடுகிற பெற்றோருக்கு ஒரு துப்பாவது கிடைக்கும் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பொருத்தம் சரிதானா என்று மனிதர் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

இப்போது எங்களிடமிருந்து ஒரு பிள்ளை வேறு இல்லத்துக்குப் போனால், அனுப்பும் பக்கத்தை முதலில் அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்டுகிறோம். போன மாதம் ஒரு பையன் பாதியில் நிறுத்தினான். "இருட்டுன்னா பயம்னு போட்டிருக்கீங்க அக்கா. அது அப்போ. எடுத்திருங்க." பழைய தேதியோடு அந்த வரியை விட்டுவிட்டு, அதன் கீழே அவன் சொன்னதைச் சேர்த்தேன். திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தான்.